பார்வையால் பேசுபவரின் குரல் யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவில் 2015 ஜூலை 30 அன்று ஒரு சின்னச் சட்டம் கையெழுத்தானது. பேச்சு போனவர்கள் பயன்படுத்தும் பேசும் கருவி வாடகைப் பொருளா, சொந்தப் பொருளா என்ற கேள்விக்கு அது பதில் சொன்னது. சட்டத்தின் பெயர் ஸ்டீவ் கிளீசன் சட்டம். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடியவர் அவர். ஒரு விளையாட்டு வீரரின் பெயர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு எப்படி வந்தது என்று புரிய வேண்டுமானால் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: அவர் களத்தில் செய்த வேலை, அவருக்கு வந்த நோய், கண்ணால் பேசும் கருவி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் காலால் உதைப்பது குறைவு. கையில் வைத்துக்கொண்டு ஓடுவதும் எறிவதும்தான் பெரும்பகுதி. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கெஜம் முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு வாய்ப்பு கிடைக்கும். மூன்று முயற்சியிலும் முடியவில்லை என்றால், நான்காவதில் பெரும்பாலும் பந்தை ஓங்கி உதைத்து எதிரணியின் பக்கம் தூரமாக அனுப்பிவிடுவார்கள். இதற்குப் பெயர் பன்ட். தோற்ற இடத்திலேயே பந்தைக் கொடுத்துவிடாமல், தூரத்துக்குத் தள்ளிவிட்டுக் கொடுக்கிற தந்திரம்.

அந்த உதையைத் தடுப்பது மிகவும் கடினம். பன்ட் அடிப்பவர் தன் வரிசைக்குப் பின்னால் ஏறக்குறைய பதினைந்து கெஜம் தள்ளி நிற்பார். பந்து அவர் கைக்குப் பறந்து வந்து, அவர் அதை நழுவவிட்டு, கால் படும் வரைக்கும் மொத்தமே இரண்டு விநாடி போல ஆகும். அதற்குள் எதிரணிக்காரர் ஒருவர் தடுப்பவர்களுக்கு இடையே இடுக்கில் புகுந்து, உடம்பை நீட்டிப் பாய்ந்து, கால் பட்ட அதே கணத்தில் பந்தின் மேல் கையை வைக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் பந்து போய்விடும். பந்தைத் தொடாமல் உதைப்பவர் மேல் மோதிவிட்டால் தண்டனை. இப்படிப்பட்ட உதைக்கும் நேரங்களில் மட்டும் களம் இறங்குகிற குழுவுக்கு ஸ்பெஷல் டீம்ஸ் என்று பெயர். நட்சத்திரங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் போய் மோதிவிட்டு வருவார்கள்.

கிளீசன் அந்த மற்றவர்களில் ஒருவர். வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரத்தில் 1977-இல் பிறந்தவர். வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடினார். தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. எதிரணியை மோதி நிறுத்தும் லைன்பேக்கர் இடத்துக்கு உடம்பு சிறியது. 2000-இல் இண்டியானாபொலிஸ் அணி சேர்த்துக்கொண்டு பிறகு விட்டுவிட்டது. அப்புறம்தான் நியூ ஆர்லியன்ஸ். அங்கே ஸ்பெஷல் டீம்ஸில் ஓடி ஓடியே தன் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் அந்த ஊரைத் தாக்கியது. வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்து நகரத்தின் பெரும்பகுதி தண்ணீரில் மூழ்கியது. செயின்ட்ஸ் அணியின் சூப்பர்டோம் அரங்கத்தில்தான் ஆயிரக்கணக்கானோர் அடைக்கலம் புகுந்தார்கள். மின்சாரம் இல்லை, கூரை பிய்ந்து மழை உள்ளே கொட்டியது. அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் போயின. அரங்கம் பாழாகிவிட்டதால் அந்த சீசன் முழுக்க அணி வெளியூர்களில்தான் ஆடியது. 16 ஆட்டத்தில் மூன்றில்தான் ஜெயித்தது. அணி இனி ஊர் திரும்புமா என்பதே அப்போது தெரியவில்லை.

திரும்பியது. 2006 செப்டம்பர் 25, திங்கள் இரவு, பக்கத்து வைரியான அட்லாண்டா ஃபால்கன்ஸுக்கு எதிராக ஆட்டம். தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அட்லாண்டாவுக்கு நான்காவது வாய்ப்பு, பன்ட். கிளீசன் நடுவில் கிடைத்த சந்தில் நுழைந்து பாய்ந்தார். பந்து அவர் கையில் பட்டுப் பின்னால் உருண்டது. செயின்ட்ஸ் வீரர் கர்ட்டிஸ் டெலோச் எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் அதன் மேல் விழுந்து, டச்டவுன் என்று அழைக்கப்படும் புள்ளிகளைப் பெற்றுத்தந்தார். முடிவில் 23-3 என்று வெற்றி. வீடிழந்து, உறவிழந்து, ஒரு வருஷமாக நல்ல சேதி எதுவும் கேட்காத ஒரு ஊர் அந்தக் கணத்தில் போட்ட சத்தத்தை ஒளிப்பதிவில் இன்றும் கேட்கலாம். 2012-இல் சூப்பர்டோமுக்கு வெளியே அந்தப் பாய்ச்சலைச் சிலையாக வைத்தார்கள். சிலைக்குப் பெயர் ‘மறுபிறப்பு’. அதைத் திறந்தபோது சிலையில் இருந்தவர் சக்கர நாற்காலியில் இருந்தார்.

2008-இல் ஓய்வு பெற்ற கிளீசனுக்குத் தசைகள் தானாகத் துடிக்க ஆரம்பித்தன. 2011 ஜனவரியில் ஏ.எல்.எஸ். என்று மருத்துவர்கள் உறுதி செய்தபோது அவருக்கு வயது 33. அடுத்த சில வாரங்களில் மனைவி மிஷெல் கருவுற்றிருப்பது தெரிந்தது.

ஏ.எல்.எஸ். என்றால் என்ன? நீங்கள் ஒரு விரலை அசைக்க நினைக்கும்போது மூளையிலிருந்து ஒரு நரம்பணு தண்டுவடம் வரைக்கும் சேதி கொண்டுபோகிறது. அங்கே இன்னொரு நரம்பணு அதை வாங்கித் தசைக்குச் சேர்க்கிறது. இந்த இரண்டுக்கும் பொதுப்பெயர் மோட்டார் நியூரான். ஏ.எல்.எஸ். நோயில் இந்த நியூரான்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன. சேதி வராத தசை சும்மா கிடந்து கிடந்து மெலிகிறது. சிலருக்குக் கையில் தொடங்கும், சிலருக்குக் காலில், சிலருக்கு நாக்கில். எங்கே தொடங்கினாலும் நடை, பிடி, பேச்சு, விழுங்குதல் என்று பரவி, கடைசியில் மூச்சுக்கான தசைகளுக்கு வந்துவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அறிகுறி தொடங்கி இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் இது நடக்கிறது. தொண்டையில் துளையிட்டு மூச்சுக்கருவி பொருத்திக்கொண்டால் அதையும் தாண்டி வாழலாம். நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும் மருந்துகள் உண்டு. குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை.

இங்கே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சாவது அசைவுக்கான நியூரான்கள். தொடுவதை உணரும் நரம்புகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சிலருக்கு மறதியும் குணமாற்றமும் வருவதுண்டு என்றாலும், பலருக்கு அறிவும் நினைவும் கடைசி வரைக்கும் தெளிவாகவே இருக்கும். மூக்கின் மேல் ஒரு கொசு உட்கார்ந்தால் அதன் கால்கள் ஊர்வது முதல் கடிப்பது வரைக்கும் அத்தனையும் தெரியும். கையைத் தூக்கி விரட்ட முடியாது. யாரையாவது கூப்பிட்டு ‘மூக்கில் கொசு’ என்று சொல்லவும் முடியாது. ஒரு நிமிடம் கையை அசைக்காமல், வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவருக்கு இந்த ஒரு விஷயத்தை மட்டும் தெரிவித்துப் பாருங்கள். அந்த ஒரு நிமிடத்திலேயே எத்தனை தவிப்பு என்று தெரியும்.

இந்த நோய்க்கு அமெரிக்காவில் இன்னொரு பெயரும் விளையாட்டு வீரரிடமிருந்தே வந்தது. நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் லூ கெரிக் 1939-இல் இந்த நோயால் ஆட்டத்தை விட்டார், 1941-இல் இறந்தார். அன்றிலிருந்து அது லூ கெரிக் நோய். கால்பந்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்பவர்கள் அதிகம். 1960-க்கும் 2019-க்கும் இடையே தேசியக் கால்பந்து லீகில் ஆடத் தொடங்கிய 19,423 வீரர்களை ஆராய்ந்து 2021-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 38 பேருக்கு ஏ.எல்.எஸ். வந்திருந்தது. பொதுவான ஆண்களோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய நான்கு மடங்கு. தலையில் திரும்பத் திரும்ப விழும் அடிதான் காரணமா என்பதை இந்த எண் மட்டும் நிரூபித்துவிடாது. ஆனால் விளையாட்டை நடத்துகிறவர்கள் இந்த எண்ணைப் பார்த்தும் பாராமல் போகக் கூடாது என்பது என் எண்ணம்.

சரி, பேச்சுக்கு வருவோம். உடம்பின் தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிடும்போது, பெரும்பாலோருக்குக் கடைசி வரைக்கும் நிற்பவை கண்ணை அசைக்கும் தசைகள். அவற்றை இயக்கும் நியூரான்கள் இந்த நோயை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்குகின்றன. அந்த ஒரு வழியைப் பிடித்துக்கொண்டுதான் பேசும் கருவி வேலை செய்கிறது.

கருவி என்பது பார்க்க ஒரு டேப்லெட் மாதிரிதான் இருக்கும். நாற்காலியிலோ கட்டிலிலோ ஒரு கம்பியில் முகத்துக்கு நேரே நிறுத்தியிருப்பார்கள். திரைக்குக் கீழே ஒரு நீளப்பட்டை. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி முகத்தின் மேல் விழும். அந்த ஒளி கண்ணின் முன்பக்கத்தில் பட்டு ஒரு சின்னப் புள்ளியாக மின்னும். பட்டையில் உள்ள கேமரா அந்த மினுக்கத்தையும் கண்பாவையின் நடுவையும் படம் பிடித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் இடப்பக்கம் பார்த்தால் பாவை நகரும். மினுக்கம் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, திரையில் எந்த இடத்தைப் பார்க்கிறீர்கள் என்று கணினி கணக்குப் போடுகிறது. ஆளுக்கு ஆள் கண் மாறும் என்பதால் முதலில் திரையில் தோன்றும் சில புள்ளிகளைப் பார்க்கச் சொல்லிக் கருவி பழகிக்கொள்ளும்.

அதன் பிறகு திரையில் விசைப்பலகை. வேண்டிய எழுத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தால் அது அழுத்தியதாகக் கணக்கு. எழுத்து எழுத்தாக ஒரு வார்த்தை, வார்த்தை வார்த்தையாக ஒரு வாக்கியம். பிறகு ‘பேசு’ என்ற கட்டத்தைப் பார்த்தால் கருவி வாய் திறந்து சொல்லும். அடுத்த வார்த்தையை ஊகித்து நீட்டும் வசதி இருப்பதால் கொஞ்சம் வேகம் கூடும். ஆனாலும் வாய்ப்பேச்சின் வேகம் வராது. கண்ணுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது, பார்ப்பது. இப்போது அதுவே விரலாகவும் இருக்க வேண்டும். சும்மா பராக்குப் பார்த்தால் தேவையில்லாத எழுத்து விழுந்துவிடும். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேச வழியில்லை. வெயிலில் போனால் சூரிய ஒளியின் அகச்சிவப்பு கேமராவைக் குழப்பிவிடும். இத்தனைக்கும் நடுவில் ஒருவர் ஒரு வாக்கியத்தைச் செதுக்கிக்கொண்டிருக்கும்போது, கேட்பவர் அவசரப்பட்டு அதைத் தானே முடித்துவைப்பது பெரிய குறுக்கீடு. இப்படிப் பேசும் ஒருவரைச் சந்திக்க நேர்ந்தால் காத்திருங்கள்.

கருவி யாருடைய குரலில் பேசும் என்ற கேள்வியும் இருக்கிறது. பேச்சு இருக்கும்போதே நோயாளி நிறைய வாக்கியங்களைப் படித்துப் பதிவுசெய்து வைத்தால், அந்த ஒலிகளைக் கொண்டு அவர் குரலைப் போன்ற ஒன்றை மென்பொருள் கட்டித் தரும். இதைக் குரல் சேமிப்பு என்கிறார்கள். கிளீசன் முன்கூட்டியே அதைச் செய்துகொண்டார். பேச்சு குழறத் தொடங்கும் முன்பே இன்னொன்றையும் செய்தார். பிறக்கப்போகும் பிள்ளைக்காக கேமரா முன்னால் உட்கார்ந்து, தான் யார், எதை நம்புகிறேன், அப்பாவாக எதைக் கற்றுத்தர ஆசைப்பட்டேன் என்று பேசிப் பேசிப் பதிவு செய்தார். 2011 அக்டோபரில் பிறந்த அந்த மகனுக்கு ரிவர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பதிவுகளில் ஒரு பகுதி பின்னாளில் 2016-இல் வந்த ‘கிளீசன்’ என்ற ஆவணப்படத்தில் சேர்ந்தது.

2011 செப்டம்பர் 25 அன்று, அந்தப் பன்ட் தடுப்பின் ஐந்தாவது ஆண்டு நாளில், தன் நோயை வெளியே சொன்னார். லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் போலை வென்றவர்களுக்கான மோதிரத்தை அணி அவருக்குத் தந்தது. அந்தக் கோப்பையை செயின்ட்ஸ் வென்றது அவர் ஓய்வு பெற்ற பிறகு, 2010-இல். தன் சிகிச்சைக்குப் பணம் திரட்டுவதோடு அவர் நின்றுவிடவில்லை. டீம் கிளீசன் என்ற அமைப்பு பிறந்தது. ‘வெள்ளைக்கொடி கிடையாது’ என்பது அதன் முழக்கம். ஏ.எல்.எஸ். நோயாளிகளுக்குப் பேசும் கருவி, மின் நாற்காலி முதலியவற்றை வாங்கித்தருவது, அவர்கள் ஆசைப்பட்ட பயணத்துக்கு வழி செய்வது என்று வேலை தொடங்கியது. நியூ ஆர்லியன்ஸில் நோயாளிகளுக்கென்று ஓர் இல்லமும் வந்தது. கதவு, விளக்கு, தொலைக்காட்சி எல்லாவற்றையும் தங்கள் கணினி வழியே அவர்களே இயக்கிக்கொள்ளலாம்.

மருந்து வரும் வரைக்கும் தொழில்நுட்பம்தான் மருந்து என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். 2014-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு அவர் ஒரு சவால் அனுப்பினார். அதை எடுத்துக்கொண்டு அந்நிறுவனத்தின் உள்போட்டியில் ஒரு குழு கண்ணால் ஓட்டும் சக்கர நாற்காலியைச் செய்து முதல் பரிசு வாங்கியது. அதிலிருந்து ஒரு தனி ஆராய்ச்சிக் குழு உருவானது. 2017-இல் விண்டோஸ் 10-க்குள்ளேயே கண்ணால் இயக்கும் வசதி வந்தது.

அதே 2014-இல்தான் பேசும் கருவியை வாடகைப் பொருளாக்கிய விதியும் வந்தது. அமெரிக்காவில் முதியவர்களுக்கும் உடல் இயலாதவர்களுக்கும் அரசு நடத்தும் மருத்துவக் காப்பீட்டுக்குப் பெயர் மெடிக்கேர். ஏ.எல்.எஸ். நோயாளிகள் இளையவர்களாக இருந்தாலும் அதில் சேரலாம். பேசும் கருவியின் விலை பல ஆயிரம் டாலர். பெரும்பகுதியை மெடிக்கேர் கொடுக்கும். அதுவரை கருவியை விலைக்கே வாங்க முடிந்தது. 2014 ஏப்ரலில் அதை வாடகைப் பொருள்களின் பட்டியலுக்கு மாற்றினார்கள். 13 மாதம் வாடகை கட்டி முடித்தால்தான் கருவி நோயாளிக்குச் சொந்தம்.

காகிதத்தில் பார்த்தால் சாதாரண சிக்கன நடவடிக்கை. ஆனால் வீட்டில் இருக்கும் வரைக்கும்தான் மெடிக்கேர் அந்த வாடகையைத் தரும். 13 மாதம் முடிவதற்குள் நோயாளி ஆஸ்பத்திரியிலோ பராமரிப்பு இல்லத்திலோ சேர்ந்தால் வாடகை நின்றுவிடும். கருவி கையைவிட்டுப் போகும். மூச்சுத் திணறி ஒருவரை அவசரமாகக் கொண்டுபோகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே வலிக்கிறது, மூச்சுக்கருவி பொருத்தச் சம்மதமா, மனைவியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று வாழ்நாளில் மிக முக்கியமான பேச்சு நடக்க வேண்டிய இடம் அது. அங்கேதான் அவருடைய குரல் இல்லாமல் போகும். அதோடு, கண்ணசைவைப் பின்தொடரும் பட்டைக்குப் பணம் தர மறுப்பதும் நடந்தது. கண் மட்டுமே அசையும் ஒருவருக்கு அந்தப் பட்டை இல்லாத கருவியால் என்ன பயன்?

கிளீசனும் நோயாளிகள் அமைப்புகளும் பேச்சு மருத்துவ வல்லுநர்களும் தலைநகர் வாஷிங்டனுக்குப் போய் நின்றார்கள். நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூயிசியானா மாநிலத்தின் செனட்டர் டேவிட் விட்டர், மேலவையான செனட்டில் மசோதா கொண்டுவந்தார். கீழவையில் அதை முன்னெடுத்தவர்களில் ஒருவர் கேத்தி மெக்மோரிஸ் ராட்ஜர்ஸ், கிளீசன் பிறந்த ஸ்போகேனின் அப்போதைய உறுப்பினர். இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்தே ஆதரித்தார்கள். 2015 ஜூலையில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார். சட்டம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. பேசும் கருவியைக் கட்டாய வாடகை முறையிலிருந்து விலக்கியது; கண்ணைப் பின்தொடரும் பட்டையும் கருவியின் பகுதிதான், அதற்கும் காப்பீடு உண்டு என்று தெளிவாக்கியது. பேசும் கருவி வழியாக மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் அனுப்பலாம் என்று மெடிக்கேரும் அதே மாதம் தன் விதியைத் தளர்த்தியது.

முதல் சட்டத்தில் வாடகை பற்றிய பகுதிக்கு 2018 வரைதான் ஆயுள் வைத்திருந்தார்கள். அதனால் மறுபடியும் போக வேண்டியிருந்தது. 2018 பிப்ரவரியில் பட்ஜெட் சட்டத்தோடு சேர்த்து அதை நிரந்தரமாக்கினார்கள். சட்டம் கையெழுத்தான நாளோடு போராட்டம் முடிந்துவிட்டது என்று நாம் நினைத்துவிடுகிறோம். காலாவதி தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு மூன்று வருஷம் கழித்துத் திரும்பிப்போய்க் கதவைத் தட்டுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும்; கிளீசனிடம் எனக்கு மிகவும் மரியாதை இதற்காகத்தான்.

2020 ஜனவரி 15 அன்று அமெரிக்க நாடாளுமன்றம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. அந்த நாடாளுமன்றம் குடிமக்களுக்குத் தரும் மிக உயர்ந்த கௌரவம் அது. தேசியக் கால்பந்து லீக் வீரர் ஒருவருக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. ட்ராஃப்டில் யாரும் எடுக்காத அந்த வீரர், கேபிடல் என்ற நாடாளுமன்றக் கட்டடத்தில் கூடியிருந்தவர்கள் முன்னால் தன் ஏற்புரையைக் கண்ணால் எழுதிய வார்த்தைகளில், நாற்காலியில் பொருத்திய அதே கருவி வழியாகச் சொன்னார்.

இன்று ஏ.எல்.எஸ். வந்த ஓர் அமெரிக்கர் மெடிக்கேர் மூலம் பேசும் கருவியைத் தொடக்கத்திலேயே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். ஆம்புலன்ஸ் வந்தால் அவரோடு அதுவும் ஏறும். ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பியில் அதை மாட்டி, திரையை முகத்துக்கு நேரே திருப்பிவிட்டால், நர்ஸிடம் அவர் முதல் வாக்கியத்தை எழுத ஆரம்பிக்கலாம்.